ஜெனோவா: ஒரு துறைமுகத்தில் பத்து மணி நேரம்

காலை ஏழு மணிக்கே கப்பலின் மேல்தளத்தில் இடம் பிடித்துக்கொண்டோம். அக்டோபர் மாதத்து இளங்குளிர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் மஞ்சள், இளஞ்சிவப்பு வீடுகள் மெல்ல மெல்லத் தெளிவடைந்தன. அவற்றுக்கு முன்னே, தனித்துத் தெரியுமாறு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு சதுரத் தூண்களைப் போல ஒரு கலங்கரை விளக்கம் நின்றது. 'லாந்தெர்னா' என்று ஜெனோவா மக்கள் அதை அழைக்கின்றனர். 1543 ஆம் ஆண்டில் இப்போதைய வடிவில் எழுப்பப்பட்ட அதன் உயரம் சுமார் 77 மீட்டர். பாறையின் மீது நிற்பதால் கடல்மட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்னும் உயர்ந்து தோன்றுகிறது.

நாங்கள் நால்வர். மும்பையின் முலுண்டில் அடுத்தடுத்த கட்டடங்களில் வசிக்கும் இரண்டு குடும்பங்கள். எங்களுக்கு மூத்தவரான நண்பர், அன்னியச் செலாவணிப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை 'சார்' என்றும் அவருடைய மனைவியை 'அக்கா' என்றும் அழைப்பது பழக்கம். ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் தொடர் வைப்பில் சேமித்த பணத்தில்தான் இப்பயணம் அமைந்தது. பார்சிலோனாவில் ஏறி, ஏழு இரவுகளில் மேற்கு மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைச் சுற்றி, மீண்டும் பார்சிலோனாவிலேயே இறங்கும் வழக்கமான சுற்று. அக்காவுக்கு ரோம் நகரைக் காணும் ஆவல். எங்களுக்கு எங்கே போனாலும் சரி. சாருக்கு மட்டும் ஒரே ஊர் போதுமானதாக இருந்தது. "மற்ற ஊர்களில் நான் கப்பலிலேயே தூங்கினாலும் பரவாயில்லை, ஜெனோவாவில் என்னை எழுப்பிவிடுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கப்பல் அணைந்த துறைமேடையின் பெயர் 'போன்தே தெய் மில்லே', ஆயிரவர் மேடை. 1860 இல் கரிபால்டி தம் ஆயிரம் தொண்டர்களுடன் ஜெனோவாவை அடுத்த குவார்த்தோ கரையிலிருந்து சிசிலிக்குப் புறப்பட்டதன் நினைவாக அப்பெயர். ஆனால் இந்தத் துறைமுகம் கண்ட பெரும் புறப்பாடு அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலட்சக்கணக்கான இத்தாலிய ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு இங்கே கப்பலேறி அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதே கரையில் இன்று எங்களைப் போன்றோர் தொப்பியும் குளிர்கண்ணாடியும் அணிந்து இறங்குகிறோம். நடந்து போகும் வழியிலேயே, 1180 அளவில் புனித நாடு செல்லும் யாத்திரிகர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட 'கொம்மெந்தா' என்னும் சத்திரம் இருக்கிறது. இத்தாலியக் குடிபெயர்வின் தேசிய அருங்காட்சியகம் இப்போது அதற்குள்தான் இயங்குகிறது. நேரம் கருதி நாங்கள் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்தோம்; அதற்காகப் பின்னர் வருந்தினோம்.

நேரம் என்று சொன்னோம். கப்பல் பயணத்தில் எல்லாவற்றையும் ஆள்வது அதுவே. எட்டு மணிக்கு இறங்கலாம். மாலை ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும். ஆறு மணிக்குக் கப்பல் புறப்படும். கப்பல் நிறுவனமே அழைத்துச் செல்லும் சுற்றுலாவில் பதிவு செய்தவர்களுக்குத் தாமதம் நேர்ந்தால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் காத்திராது. தவறவிட்டவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குச் சென்று சேர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுகளையோ பயண முடிவு வரை கப்பலிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். கையில் இருந்தவை ஒளிநகல்களும் கப்பல் அட்டையும்தான். நாங்கள் தாமாகச் சுற்றப் போன கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தலைக்கு எழுபது யூரோ மிச்சம் என்று காலையில் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

கரையோரமாக இருபது நிமிட நடையில் சான் ஜார்ஜோ மாளிகையை அடைந்தோம். முகப்பு முழுவதும் வண்ணச் சுவரோவியங்கள். நடுவில் குதிரையேறிப் பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜார்ஜ். இந்த அழகிய முகப்பை உரசிக்கொண்டு செல்வதுபோல 1960களில் கட்டிய மேம்பாலச் சாலை ஒன்று ஓடுகிறது. கடலிலிருந்து வருபவனின் கண்ணுக்கும் ஊருக்கும் நடுவே அந்தக் கான்கிரீட்டை எப்படித்தான் மனம் வந்து போட்டார்களோ!

மாளிகையின் பழைய பகுதி 1260 இல் எழுந்தது. அப்போது ஜெனோவாவை ஆண்ட மக்கள் தலைவர் குலியெல்மோ பொக்கனேக்ரா அதைக் கட்டுவித்தார். பின்னர் அது சுங்கச் சாவடியாகவும் சிறையாகவும் பயன்பட்டது. 1298 இல் ஜெனோவாவின் பகைநகரான வெனிஸைச் சேர்ந்த கைதி ஒருவர், உடன் சிறையிருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் தம் பயண அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, அவர் அவற்றை எழுதி வைத்தார். அக்கைதி மார்க்கோ போலோ. அவர் அடைபட்டிருந்தது இந்த மாளிகையில்தான் என்பது ஊர் வழக்கு. பாண்டிய நாட்டுக் கரையில் முத்துக் குளிப்பதையும், காயல் துறையில் கப்பல்கள் வந்து மொய்ப்பதையும், அங்கே குதிரைகள் வந்திறங்குவதையும் ஐரோப்பா விரிவாக அறிந்துகொண்டது அந்நூலால். தாமிரபரணிக் கழிமுகத்து ஊரின் பெயர் ஜெனோவாவின் சிறையொன்றில் ஒலித்திருக்கிறது என்று எண்ணியபோது, அந்தக் கற்சுவரைச் சற்றுத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

ஆனால் சார் வந்தது மார்க்கோ போலோவுக்காக அன்று. 1407 இல் தொடங்கிய சான் ஜார்ஜோ வங்கிக்காக. உலகின் மிகப் பழைய வங்கிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இடைவிடாப் போர்களால் ஜெனோவாக் குடியரசு கழுத்தளவு கடனில் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அமைத்ததே அந்நிறுவனம். அரசின் கடன், 'லுவோகோ' எனப்படும் நூறு நூறு லிரா மதிப்புள்ள பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்குகளை விற்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதி வைக்கலாம். வட்டிக்கு ஈடாக, அரசின் சுங்க வரிகளை வசூலிக்கும் உரிமையே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாளடைவில் கோர்சிகாத் தீவு போன்ற ஆட்சிப் பகுதிகளையே அரசு அந்த வங்கியிடம் கொடுத்தது. குடியரசு கடனில் தள்ளாட, அதற்குக் கடன் கொடுத்த நிறுவனம் ஒழுங்காக நடந்தது கண்டு மாக்கியவெல்லி வியந்து எழுதியிருக்கிறார். இடையில் வங்கிப் பணியை நிறுத்தியும் மீண்டும் தொடங்கியும், நெப்போலியன் காலத்தில் 1805 இல் மூடப்படும் வரை அந்நிறுவனம் நிலைத்தது.

இப்போது அந்த மாளிகை துறைமுக ஆணையத்தின் தலைமை அலுவலகம். எப்போதும் உள்ளே விடுவதில்லை. அன்று எங்கள் நல்வினை, ஏதோ ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மாடியில் உள்ள பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் சார் பேச்சை நிறுத்திவிட்டார். சுவர் நெடுகப் பளிங்குச் சிலைகள். மன்னர்களோ படைத்தலைவர்களோ அல்லர். வங்கிக்கும் ஊருக்கும் பணம் கொடுத்தவர்கள். மிகப் பெருந்தொகை கொடுத்தவர் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார். அதற்குக் குறைந்தவர் நின்ற கோலத்தில். இன்னும் குறைந்தவருக்கு மார்பளவுச் சிலை. கொடையின் அளவைக் கால்வலியின் அளவால் காட்டியிருக்கிறார்கள் என்று அக்கா சிரித்தார்.

அவர்களுள் மூத்தவர் பிரான்செஸ்கோ விவால்தி. 1371 இல் அவர் 90 பங்குகளை, அதாவது 9,000 லிராவை, ஒரு நிபந்தனையுடன் ஒப்படைத்தார். அதன் வட்டியை எவரும் தொடக்கூடாது. வட்டியைக் கொண்டு மேலும் பங்குகள் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அவ்வாறு பெருகும் தொகை அரசின் கடனை அடைக்கப் பயன்பட வேண்டும். 'மொல்திப்ளிக்கோ' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். நம்முடைய கூட்டு வட்டியேதான். சாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "72 ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் ஆண்டுகள் கிடைக்கும். ஆறு சதவீதம் என்று வையுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. 96 ஆண்டில் எட்டு முறை. ஒன்று 256 ஆகிவிடும்!" என்று அந்தப் பளிங்கு முகத்தைப் பார்த்தபடியே கணக்குப் போட்டார். தாம் காணப்போகாத காலத்துக்காகக் கணக்குத் தொடங்கிய அம்மனிதரை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தேழு ஆண்டுகள் இதே கணக்கை முகப்பில் வந்து நிற்கும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்தவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

கொலம்பஸும் இவ்வூர்க்காரர், இவ்வங்கியின் வாடிக்கையாளரும் ஆக விரும்பியவர். 1502 ஏப்ரல் 2 அன்று, தம் நான்காம் பயணத்துக்குப் புறப்படுமுன், ஸ்பெயினிலிருந்து சான் ஜார்ஜோ வங்கிக்குக் கடிதம் எழுதினார். தம் வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வங்கிக்குக் கொடுக்குமாறு மகனுக்கு ஆணையிட்டிருப்பதாகவும், அதைக் கொண்டு ஊரில் தானியத்துக்கும் திராட்சை மதுவுக்கும் விதிக்கும் வரியைக் குறைக்க வேண்டும் என்றும் அதில் குறித்தார். அக்கடிதம் இன்று நகராட்சி மாளிகையில் பாதுகாக்கப்படுகிறது.

மாளிகைக்குப் பின்புறம் சில அடிகளில் பாங்கி சதுக்கம். பணமாற்றுவோர் பலகை போட்டு அமர்ந்திருந்த இடம். 'பாங்கோ' என்றால் அந்தப் பலகை; 'பேங்க்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் வேர் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. சதுக்கத்தில் உள்ள தேவாலயத்தின் கட்டுமானச் செலவை, அதன் அடித்தளத்தில் கடைகளை அமைத்து விற்று ஈடுகட்டினார்களாம். கீழே வியாபாரம், மேலே வழிபாடு. ஜெனோவாக்காரர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கே பசித்தது. துறைமுகத்தை நோக்கிய சொத்தொரிப்பா வளைவு நடையில், விறகடுப்புக் கடை ஒன்றில் 'பரினாத்தா' வாங்கினோம். கொண்டைக்கடலை மாவு, நீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகன்ற செப்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி அடுப்பில் சுட்டு, கத்தியால் கீறித் தாளில் வைத்துத் தருகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மென்மை. மரக்கறி உண்பவர்களுக்கு இவ்வூரில் கவலையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பெயர்பெற்ற 'பெஸ்தோ'த் துவையலில் துளசியினத்து இலையும் பைன் கொட்டையும் பூண்டும் மட்டுமன்றிப் பாலாடைக்கட்டியும் சேர்கிறது, அதை உறையச் செய்யக் கன்றின் இரைப்பைப் பொருளைப் பயன்படுத்துவது மரபு. அக்கா அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பணம் கொடுக்கும்போது ஒரு சிறு சங்கடம். எங்கள் அட்டை ஏற்கப்படவில்லை. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே செயலியில் திறந்து வைத்தாலன்றி அட்டை இந்தியாவுக்கு வெளியே இயங்காது; இரண்டு அட்டைகளில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மற்றதை எடுத்து நீட்டியிருக்கிறோம். பிழை முற்றிலும் எங்களுடையது. சரியான அட்டையை வைத்ததும் கருவி, யூரோவிலா ரூபாயிலா என்று கேட்டது. நம் பணத்தின் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் ரூபாயைத் தொடப்போன எங்கள் விரலைச் சார் தடுத்தார். ரூபாயைத் தேர்ந்தால் கடைக்காரரின் வங்கி தன் இலாபத்தைச் சேர்த்து விகிதம் போடும். யூரோவைத் தேர்ந்தால் நம் அட்டைக்குரிய விகிதமே பொருந்தும். பெரும்பாலும் பின்னதே மலிவு. ஓய்வு பெற்றும் பணியில் இருப்பவர் அவர்.

பிற்பகலை இரண்டு இடங்களுக்கு ஒதுக்கினோம். கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கற்கள் அடுக்கிய சான் லொரென்சோ பேராலயத்தின் வலப்பக்க ஓரத்தில் ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை கடலிலிருந்து நகரைத் தாக்கியபோது ஆலயத்தின் சுவரைத் துளைத்து உள்ளே விழுந்து, வெடிக்காமல் போனது. 'மலாயா' என்ற போர்க்கப்பலிலிருந்து வந்தது என்கின்றனர். அக்கப்பலைக் கட்டும் செலவை ஏற்றது மலாய் கூட்டு நாடுகளின் அரசு. அந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் எத்தனை தமிழர் உழைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த வரிப்பணம் இந்த ஆலயத்தின் சுவரைத் துளைத்திருக்கிறது என்ற நினைப்பு அவ்வளவு இனிதாக இல்லை.

அடுத்தது கரிபால்டி தெரு. இருபுறமும் பதினாறாம் நூற்றாண்டின் வணிகப் பிரபுக்கள் கட்டிய மாளிகைகள். குடியரசுக்கென்று அரண்மனை விருந்தகம் இல்லாததால், வெளிநாட்டு விருந்தினரை ஏற்றுத் தங்க வைக்கும் கடமை இம்மாளிகைகளுக்கு இருந்தது. விருந்தினரின் தகுதிக்கேற்ப மாளிகைகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருந்தார்கள். அப்பட்டியலில் இருந்தவற்றுள் 42 மாளிகைகள் 2006 இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களாயின. இவற்றுள் ஒன்றில் பகானினியின் வயலின், 1743 இல் குவார்னேரி செய்தது, கண்ணாடிக்குள் இருக்கிறது. ஓசையின் வலிமை கருதி அதற்குப் 'பீரங்கி' என்று பகானினியே பெயரிட்டாராம். ஒரே பிற்பகலில் இரண்டு பீரங்கிகள்.

மூன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கினோம். நான்கு மணிக்குச் சான் ஜார்ஜோவில் சற்று அமர்ந்துவிட்டுக் கப்பலுக்கு நடப்பதாகத் திட்டம். ஜெனோவாவின் பழைய நகரம் 'கருஜ்ஜி' எனப்படும் சந்துகளால் ஆனது. இரு கைகளை விரித்தால் இரு சுவரும் தொடும் அளவு குறுகலான சந்துகள். இருபுறமும் ஆறு, ஏழு அடுக்குக் கட்டடங்கள். நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாது. பழைய நாணயங்கள் வைத்திருந்த ஒரு கடையின் கண்ணாடியை உற்றுப் பார்த்தபடி சார் நின்றது எங்களுக்கு நினைவிருக்கிறது. இரண்டு திருப்பங்கள் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

திரும்பிச் சென்று தேடினோம். கடையையே கண்டுபிடிக்க முடியவில்லை. கைப்பேசியின் வரைபடமோ உயர்ந்த சுவர்களுக்கிடையே எங்களை அடுத்த தெருவில் நிற்பதாகக் காட்டியது. அவரை அழைக்க வழியில்லை. கப்பலில் இணையம் இருக்கிறதே, எதற்கு வெளிநாட்டு அழைப்புத் திட்டம் என்று அவர் செலவை மிச்சப்படுத்தியிருந்தார். நாலேகால் ஆயிற்று. அக்காவின் முகம் வெளுத்தது. "சர்க்கரை மாத்திரை என் பையில இருக்கு. மத்தியானம் சரியா சாப்பிடவும் இல்ல. ஒரு வார்த்தை இத்தாலி பாஷை தெரியாது அவருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அறுபத்தெட்டு வயது, பாஸ்போர்ட் கிடையாது, சட்டைப் பையில் இருபது யூரோ. அதுவரை கதைபோல் கேட்டிருந்த அந்த ஐந்தரை மணி விதி அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எங்களில் ஒருவர் அக்காவுடன் சான் ஜார்ஜோ மாளிகையின் வாசலில் நிற்க, மற்றவர் சந்துகளில் ஏறி இறங்கினார். கப்பலின் தினசரி அறிவிப்புத் தாளின் அடியில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும்; காலையில் அதை மடித்துப் பையில் வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று! அழைத்தோம். பெயரையும் அறை எண்ணையும் பதிந்துகொண்டார்கள். கப்பல் காத்திருக்காது, ஆனால் அவர் வராவிட்டால் கடவுச்சீட்டைக் கரையில் விட்டுச் செல்வார்கள் என்றார்கள். அக்கா அப்போது அமைதியாகவே கூறினார்: "நானும் கரையிலேயே இருந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க." அதற்கு நாங்கள் என்ன மறுமொழி சொன்னோம் என்பது நினைவில் இல்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நாங்கள் சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து அவர் வந்தார். கையில் எண்ணெய்த் தாள் பொட்டலம். நடந்தது இதுதான். வழி தவறியதும் அவர் பதறவில்லை, சந்திக்கும் இடம் தெரியுமே என்று, எதிர்ப்பட்ட மூதாட்டியிடம் "சான் ஜார்ஜோ?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் கைபிடித்து அழைத்துச் செல்லாத குறையாகக் கொண்டுபோய் விட்ட இடம் சான் ஜார்ஜோ தேவாலயம். பழைய நகருக்குள் அப்பெயரில் ஒரு கோயிலும் இருக்கிறது. ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. அந்தக் கோயில் வாசலில் நாற்பது நிமிடங்கள் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார், நாங்கள்தாம் வழி தவறிவிட்டோம் என்று கவலைப்பட்டபடி! பிறகு பசித்ததால் பரினாத்தா வாங்கித் தின்று, "போர்த்தோ" என்று கேட்டுக் கடலை நோக்கி இறங்கி வந்திருக்கிறார்.

"எங்க போனீங்க எல்லாரும்?" என்றார். அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்து நீட்டினார். அதன்பின் கப்பல் வரை ஒருவரும் பேசாமல் நடந்தோம்; நடந்தோம் என்பதைவிட ஓடினோம் என்பதே பொருந்தும். ஏணிப்பாலத்தில் அட்டையைக் காட்டியபோது ஐந்து இருபத்திரண்டு.

ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் இசையும் ஆரவாரமும். லாந்தெர்னாவின் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. சார் ஒரு மூலையில் அமர்ந்து, முப்பத்தேழு ஆண்டுப் பழக்கத்தின்படி, சிறு குறிப்பேட்டில் அன்றைய வரவு செலவை இரண்டு பத்திகளாக எழுதிக்கொண்டிருந்தார். ஜெனோவா நகராட்சியின் 1340 ஆம் ஆண்டுக் கணக்கேடுகள் இரட்டைப் பதிவு முறைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று என்பதை எழுதிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். பரினாத்தா இரண்டு முறை, அருங்காட்சியக நுழைவு, காப்பி நான்கு, தொலைபேசி அழைப்பு ஒன்று.

அக்கா எட்டிப் பார்த்தார். "வெளிநாட்டு போன் பிளான்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. நாளைக்கு ரோம்" என்றார். அவர் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டார்.